பதினேழு முட்டை

போன செவ்வாய் பதினேழு.
அதற்கு முந்தின செவ்வாய் பதினொன்று.
மல்லாவியில் ஏற்றும்போது ஒன்றிலும் கீறல் இல்லை,
தட்டுத் தட்டாக நானே தொட்டு எண்ணினேன்.
கிளிநொச்சியில் கடைக்காரர் மூடியைத் தூக்கி
மஞ்சளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

றோட்டுப் பிழை என்று சொல்லலாம். சொன்னேன்.
ஆனால் உடைந்ததெல்லாம் முன்வரிசைத் தட்டு,
எல்லாம் முன்பக்கம் சாய்ந்து.
குழியில் விழுந்தால் எல்லாத் தட்டிலும் கொஞ்சம் உடையும்.
இது குழி இல்லை.
அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கும்போது
வாகனின் வயிற்றுக்குள் ஆரோ
கதவை அடித்துச் சாத்துகிற அடி.

கிளச் சத்தம் வேறு.
பெடலை அரைவாசி மிதித்தால்
நனைந்த கண்ணாடியில் விரல் இழுத்த மாதிரிக் கீச்சு.
முழுக்க மிதித்தால் அரைப்பு.
விட்டால், ஒன்றுமே நடக்காத முகம்.
முறிகண்டியில் மற்ற வாகனக்காரர் இறங்கிக் கற்பூரம் கொளுத்த
நான் எஞ்சினை நிற்பாட்டாமல் நியூட்ரலில் இருந்து
மிதித்தேன், விட்டேன், மிதித்தேன்.
கச்சான் விற்கிற பெட்டை கிட்ட வந்து
"அக்கா, உங்கட வாகன் அழுகுது" என்றாள்.

மாங்குளம் சந்தி தாண்டிக் கேதாரநாதனின் கராஜ்.
என்னோடு பத்தாம் வகுப்புப் படித்தவன்.
மாசியில் ரிலீஸ் பெயாரிங் மாற்றினான்.
வைகாசியில் திரும்பக் கீச்சு, திரும்பப் பெயாரிங்.
"சாமான் சரியில்லை" என்றான்.
ஆவணியில் பிளேட், பிறஷர் பிளேட், பெயாரிங், முழுச் செற்,
பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது.
புறொப்பெலர் சாஃப்ற்றுக்கு ஜொயின்றும் புதுசு.
பில் எல்லாம் என்னிடம் இருக்கு,
தீவனப் பில்லோடு ஒரே கிளிப்பில்.
கோழிதான் கூடத் தின்னுது என்று
அதுவரை நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழைக்கு முந்தின கிழமை, நாலாம் தரம்.
சாவியைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை.
"கழட்டாத. முதல் கேள்."

கீழே போய்
நீட்டு ஸ்குறூட்றைவரின் நுனியைக் கியர்பொக்ஸில் வைத்து
பிடியைக் காதில் வைத்தான்.
மிதித்தேன். "திரும்ப." மிதித்தேன். "விடு."
எஞ்சினை நிற்பாட்டச் சொல்லிக்
கையால் சாஃப்ற்றைத் திருகினான்.
புது ஜொயின்ற் அசையவில்லை.
கியர்பொக்ஸே அசைந்தது, ஒரு நூல்,
ஆடத் தொடங்கின பல் மாதிரி.

பிறகு இறக்கினான். நான் தடுக்கவில்லை.
எஞ்சினின் முகத்தில் குழி இரண்டு.
ஒன்றில் டவல் பின், சின்னவிரல் தடிப்பு.
மற்றதில் கிறீஸும் செம்மண்ணும்.
போல்ற் இறுக்கும், அவ்வளவுதான்.
நடுவைப் பிடிப்பது அந்தப் பின்.
அது இல்லாமல் கியர்பொக்ஸ் கோணி நின்று
போல்ற்றையும் இளக்கி,
நான் வாங்கிக் கொடுத்த பெயாரிங்கையெல்லாம்
ஒரு பக்கமாகத் தின்றிருக்கு.

"ஆர் விட்டது?"
பேசாமல் உள்ளே போனான். பால்மா ரின் ஒன்றோடு வந்தான்.
சாக்கில் கவிழ்த்தான்: நட்டு, கிளிப், அரை ஸ்பிறிங்,
ஆர் ஆருடையதோ.
விரல் நேரே ஒன்றுக்குப் போனது.
துடைத்து, குழியில் வைத்து, பலகைத் துண்டால் தட்டினான்.
இருந்தது.
மாசியிலிருந்து அந்த ரின்னுக்குள் கிடந்திருக்கு.

கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
மூன்று பில்லைக் கிளிப்பிலிருந்து உருவி
பொனெற்றில் வைத்தேன்,
பறக்காமல் மேலே டோர்ச்சை வைத்து.
"சித்திரை மட்டும் சேர்விஸ் சும்மா" என்றான் நிலத்துக்கு.
"ஒயிலும்."
கொஞ்சம் யோசித்தான்.
"ஒயிலும்."

இன்று செவ்வாய்.
கீச்சு இல்லை, அடி இல்லை.
பின்கதவு கடகடப்பது முதன்முதலாகக் கேட்டது,
இவ்வளவு நாளும் அதுவும் இருந்திருக்கும்.
கடைக்காரர் மூடியைத் தூக்கினார்.
ஒன்று.
வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன்,
ஓடு கடதாசி மாதிரி.
இது கோழியின் பிழை.
சிப்பித்தூள் வாங்கவேணும்.